டாக்டர் மொலேஃபியின் கார்டு

வடக்கு மாடு வளர்ப்போர் சங்கத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று செலவுக் கார்டுகள் புழக்கத்தில் இருந்தன. எந்தக் கார்டு யார் கையில் இருக்கிறது, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, எந்தக் கடையில் தேய்த்தால் மணி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒனாலென்னாவின் பொறுப்பு. ஃபிரான்சிஸ்டவுன் தலைமை அலுவலகத்தில் மாடிப்படியை ஒட்டி அவளுக்கென்று ஒரு சிறிய அறை. யார் எங்கே கார்டைத் தேய்த்தாலும் அடுத்த நொடி அவளுடைய கைபேசி சிணுங்கும். அலுவலகத்தில் அவளைப் பின்னால் ‘போலீஸ்காரம்மா’ என்று சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். ஒருவகையில் பிடித்தும் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளை மேலாளர், சங்கத்தின் கார்டிலேயே தன் வீட்டுக்குத் தகரக் கூரை போட்டு, தங்கை கல்யாணத்துக்கு பீரும் வாங்கியிருந்தார். எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. அது வெளியே வந்த பிறகுதான் நிர்வாகக் குழு ஒனாலென்னாவைக் கூப்பிட்டு விதிகளை எழுதச் சொன்னது. அவள் பன்னிரண்டு விதிகள் எழுதினாள். பதினோரு விதிகளைத் தலையாட்டிக்கொண்டே ஏற்றுக்கொண்டவர்கள், ஏழாவதில் மட்டும் நின்றார்கள். கார்டின் ரகசிய எண்ணை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. சொன்னவருக்கும் வேலை போகும், அதைக் கேட்டுப் பயன்படுத்தியவருக்கும் வேலை போகும். விதிவிலக்கு கிடையாது.

“முதல் தடவைன்னா எச்சரிக்கை குடுத்து விட்டுரலாமே மா,” என்றார் நிதி மேலாளர் கொபானோ. “மனுஷங்கதானே.” அந்த ஊரில் பெண்களை ‘மா’ என்றும் ஆண்களை ‘ரா’ என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

“கூரை போட்டவரும் மனுஷர்தான் ரா,” என்றாள் ஒனாலென்னா. “ஒருத்தருக்குன்னு ஒரு ஓட்டை வச்சா, அடுத்த மாசம் எல்லாரும் அந்த ஓட்டை வழியாத்தான் வருவாங்க.”

அறையில் அவள் பக்கம் பேசியவர் ஒரே ஒருவர்தான். சங்கத்தின் கால்நடை மருத்துவர் மொலேஃபி. “அந்தம்மா சொல்றது சரிதான்,” என்றார் அவர். “நோய் மாடு இந்தப் பக்கம் வராம இருக்கப் போட்ட கோமாரி வேலி இருக்கே, நூத்தம்பது கிலோமீட்டர். அதுல ஒரு கம்பி தளர்ந்தாப் போதும். நல்ல மாடு, கெட்ட மாடுன்னு பாத்தா கம்பி தளருது?” எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கினார்கள். விதி நிறைவேறியது.

அந்த மருத்துவரின் கார்டுக்காகத்தான் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கைபேசி சிணுங்கியது.

கொள்முதல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒனாலென்னா மேஜைக்கு அடியில் கைபேசியைப் பார்த்தாள். மொலேஃபியின் கார்டு, நாட்டா ஊர் பெட்ரோல் பங்கு, அறுபத்திரண்டு லிட்டர் டீசல், ரகசிய எண் சரி. நேரம் பத்து பன்னிரண்டு. தலையை நிமிர்த்தினாள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி டீசல் போட்டுக்கொண்டிருந்த ஆள், மேஜைக்கு அந்தப் பக்கம் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

திருட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். வெளியே போய் கார்டை முடக்கிவிட்டு, திரும்பி வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள்.

“உங்க கார்டு உங்ககிட்ட இருக்கா ரா?”

மொலேஃபி சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதை அவள் பிறகுதான் யோசித்தாள். தொலைத்தவன் முதலில் பையைத் தொடுவான். “வண்டியில இருக்கும் மா,” என்றார்.

“வண்டி எங்க?”

“நாட்டாவுல. நான் பஸ்ஸுல வந்தேன்.”

“யாரோ உங்க ரகசிய எண்ணை அழுத்தியிருக்காங்க.”

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். அது தட்டின் விளிம்பில் பட்டு மேஜையில் விழுந்தது. “அப்புறம் பேசலாம் மா,” என்றார். சாப்பாட்டு வேளைக்கு முன்பே, ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலியாக இருக்கும் என்று ஒனாலென்னா நினைத்துக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியபோது மேஜைத் தொலைபேசி அடித்தது. மருத்துவரின் வண்டி ஓட்டுநர் ஒடிரிலே.

“மா, டீசலுக்கு சரியாப் போச்சு. பஞ்சர் ஒட்டினவருக்குத் தேய்ச்சா மட்டும் வேண்டாங்குது மிஷினு. கொஞ்சம் பாருங்களேன். மனுஷன் டயரைக் கழட்டித் திரும்ப எடுத்துக்குவேன்னு மிரட்டறார்.”

“எண்ணை அழுத்தினது யாரு ஒடிரிலே?”

“நான்தான்,” என்றான் சாதாரணமாக. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “மா. டாக்டரைக் கேளுங்க. நான் எதுவும் சொல்லல.”

ஏழாவது விதி மீறப்பட்டால் ஐந்து வேலை நாளுக்குள் குழுவுக்கு எழுத வேண்டும். அதுவும் அவள் எழுதி வைத்ததுதான். எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் அந்தக் கார்டின் இரண்டு வருஷக் கோப்பை இறக்கினாள். இந்த வேலையில் அவளுக்குத் திருடர்களின் கைவரிசை பழக்கம். டேங்க் கொள்ளாத அளவுக்கு டீசல் வாங்கி டப்பாவில் பிடித்து விற்பார்கள். ஒரே பில்லை இரண்டு மாதம் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் செலவு எகிறும். இந்தக் கோப்பில் எதுவுமே இல்லை. வண்டி ஓடிய தூரமும் குடித்த டீசலும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒவ்வொரு பில்லின் பின்னாலும் எந்தப் பட்டிக்குப் போனது, எத்தனை மாடு பார்த்தது என்று பென்சிலில் எழுதியிருந்தது. நாற்பத்து மூன்று கார்டுகளில் இவ்வளவு சுத்தமான கார்டை அவள் பார்த்ததில்லை.

கையெழுத்துதான் உறுத்தியது. போன வருஷம் ஜூன் வரை அது கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஜூலையில் கோட்டை விட்டு மேலே ஏறியது. ஆகஸ்டில் ஒரு பில்லில் கையெழுத்து பில்லின் ஓரத்தோடு அறுந்துபோய், மீதி எங்கோ மேஜையில் விழுந்திருந்தது. செப்டம்பரிலிருந்து மறுபடி கோட்டின் மேல் ஒழுங்காக இருந்தது. ஆனால் அது வேறு கை.

வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு நாட்டாவுக்குப் போனாள். அங்கே விசாரித்ததில், உப்புச் சமவெளிப் பக்கம் ஒரு பட்டியில் மருத்துவர் மாடு பார்க்கிறார் என்றார்கள். மணல் தடத்தில் ஒரு மணி நேரம். மொபானி மரங்களுக்கு நடுவே முள்வேலி அடைப்பு, புழுதி, காத்திருக்கும் லாரி. பத்துப் பதினைந்து மாட்டுக்காரர்கள் வேலியில் சாய்ந்து நின்றார்கள். அவளை யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் மருத்துவர் மேல் இருந்தது.

அவர் வேலை செய்வதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. மாட்டை அசையாமல் நிறுத்தும் இடுக்கு மரத்துக்குள் அடைத்ததும், அவர் கையுறையில்லாத விரல்களை அதன் வாய்க்குள் விட்டு நாக்கை வெளியே இழுத்தார். ஈறை, நாக்கின் அடியை, உதட்டின் உள்பக்கத்தை ஓர் இடம் விடாமல் தடவினார். பிறகு குனிந்து குளம்புப் பிளவுக்குள் கட்டை விரலை அழுத்தினார். அவ்வளவு நேரமும் அவர் முகம் மாட்டின் பக்கம் இல்லை. தூரத்து மரங்களின் பக்கம் திரும்பியிருந்தது, வானொலி கேட்பவர் முகம் மாதிரி. பக்கத்தில் ஒடிரிலே தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். “சிவப்பு, வெள்ளை நெத்தி. எச்சில் ஒழுகல. வலது கண்ணுல கொஞ்சம் பீளை.”

“பீளை என்ன நிறம்?”

“தண்ணியாத்தான் இருக்கு டாக்டர்.”

“அது புழுதி. அடுத்தது.”

கடைசி மாடும் ஏறியதும் ஒடிரிலே, மாடுகளுக்கு நோய் இல்லை என்ற சான்றிதழை வண்டியின் முன்பக்கத்தில் விரித்து, கோட்டின் ஆரம்பத்தில் தன் விரலை வைத்தான். மருத்துவர் அந்த விரலைத் தொட்டு, அங்கிருந்து கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோணலாகக் கீழே இறங்கிப் போனது.

ஒனாலென்னா அவருக்கு நேர் எதிரே, மூன்றடியில் போய் நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டுமெலா, ரா,” என்று வணக்கம் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். “டுமெலா, மா. வந்துட்டீங்களா. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்.”

லாரி போன பிறகு, மாட்டுக்காரர்கள் கலைந்த பிறகு, வண்டி நிழலில் உட்கார்ந்து பேசினார்கள். ஒடிரிலே தேநீர் ஊற்றிக் கொடுத்தான். மருத்துவரின் கையைப் பிடித்து அதில் குவளையை வைத்தான். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

“மொதல்ல ஓரமெல்லாம் போச்சு,” என்றார் மொலேஃபி. “குழாய் வழியாப் பாக்குற மாதிரி. அப்புறம் குழாய்க்குள்ளயும் புகை வந்துருச்சு. கண்ணுல அழுத்தமாம். போன நரம்பு போனதுதான்னு செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரியில அதையேதான் சொன்னாங்க. பங்குல அந்த நம்பர் மிஷினை எத்தனை தடவைதான் தப்பா அழுத்துறது? பின்னாடி நிக்கிறவன் ஹாரன் அடிக்கிறான். ஒருநாள் இவன்கிட்ட சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ரா.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவள் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சொன்னாள், “இப்பச் சொல்லுவோம். ஆஸ்பத்திரிச் சீட்டை வச்சு நானே எழுதறேன். ரகசிய எண்ணைச் சொன்னது ஏமாத்துறதுக்கு இல்ல, கண்ணு தெரியாததாலன்னு எழுதறேன். உடம்பு முடியாம ஓய்வு குடுப்பாங்க. பணிக்கொடை முழுசா வரும். இன்னும் பதினாலு மாசம்தானே இருக்கு உங்களுக்கு.”

மருத்துவர் குவளையைக் கீழே வைப்பதற்கு முன் தரையைக் கையால் தடவிப் பார்த்தார். “எழுதுங்க. எப்பலேர்ந்து கண்ணு தெரியலன்னு எழுதுவீங்க?”

“போன வருஷம் செப்டம்பர்லேர்ந்து.”

“செப்டம்பர்லேர்ந்து நான் கையெழுத்துப் போட்ட மாடு நாலாயிரத்துச் சொச்சம் மா. வெளிநாட்டுக்காரன் வாங்குறான். எதுக்கு வாங்குறான்? ஒரு டாக்டர் கண்ணால பாத்து, கோமாரி இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கான்னு வாங்குறான். அந்த டாக்டருக்குக் கண்ணே இல்லன்னு ஒரு காகிதம் சங்கத்துக் கோப்புல ஏறிச்சுன்னா, அது எத்தனை நாளைக்குக் கோப்புக்குள்ள இருக்கும்? கதவைச் சாத்திருவான். நாட்டாவுலேர்ந்து க்வெட்டா வரைக்கும் ஒரு மாட்டைக்கூட விக்க முடியாது. ரெண்டு வருஷம் ஆகும், மறுபடி திறக்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல.”

தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கோமாரி வந்து கதவு சாத்தியபோது அவளுடைய சித்தப்பா பட்டியில் இருந்த மாடுகளை வாங்க ஆளில்லாமல், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளும் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

“தப்பு ஏதாவது நடந்திருக்குமா ரா?” என்று கேட்டாள். “ஒரு மாடாவது?”

அவர் தன் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டார். “இல்லன்னு என் விரல் சொல்லுது. கொப்புளத்தைக் கண்ணு தவறவிட்டாலும் விரல் விடாது. நோய் எங்கயும் வெடிக்கல. ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன் மா. நிறுத்தியிருக்கணும். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டேன். ஒவ்வொரு தடவையும் மாட்டுக்காரங்க பட்டியில வந்து நின்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பாங்க. எப்படி நிறுத்துறது?”

“இன்னையோட நிறுத்தணும் ரா. அதை மட்டும் நான் விட முடியாது.”

“இதுதான் கடைசி லாரி மா. நீங்க கார்டை முடக்குனீங்க பாருங்க, அப்பவே தோணுச்சு. இதுதான் சுத்தமான வழி. கார்டு விஷயத்துல டாக்டர் மாட்டிக்கிட்டான், வேலை போச்சு. அவ்வளவுதான். மாட்டைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. உங்க ஏழாவது விதி போதும்.”

“உங்களைத் திருடன்னு சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்க,” என்றார். “ஆனா இவன் பேரு வேண்டாம். என் பேருல மட்டும் எழுதுங்க. மேலதிகாரி சொன்னான், செஞ்சான்.”

ஒனாலென்னா ஒடிரிலேயைப் பார்த்தாள். அவன் தேநீர் கெண்டியை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். “விதியில ரெண்டு பேருக்கும்னு இருக்கு ரா,” என்றாள். அதைச் சொல்லும்போதே தன் குரல் தனக்கே எரிச்சலாக இருந்தது.

மருத்துவர் அவள் குரல் வந்த திசையில், ஆனால் சற்றுத் தள்ளி, பார்த்தார். “ஆமா,” என்றார். “இருக்கு. நான்தானே கை தூக்கினேன்.”

“என்னைப் பத்தி என்னைக் கேக்காமயே பேசிக்கிட்டிருக்கீங்களே,” என்றான் ஒடிரிலே. கெண்டியைக் கவிழ்த்து வைத்தான். “நான் அழுத்தினது நெசம்தானே. எங்கம்மாவோட பதினாறு மாடும் இந்தக் கையெழுத்துலதான் போச்சு. நான் வாயைத் திறந்து அந்தக் காசை அவங்க திருப்பிக் குடுக்கறதா? எழுதுங்க மா.”

அவள் எழுதினாள். மூன்று தடவை எழுதிக் கிழித்தாள். கடைசியில் அனுப்பியதில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. ரகசிய எண் பகிரப்பட்டது, பதினோரு மாதம் வேறொருவர் பயன்படுத்தினார், சங்கத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. உண்மையும் அதில் இல்லை.

திங்கட்கிழமை விசாரணை. நீள மேஜையின் தலைமாட்டில் கொபானோ, இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள் இரண்டு பேர். மொலேஃபி கோட்டும் டையுமாக வந்திருந்தார். ஒடிரிலே அவருக்கு முன்னால் நடந்து, நாற்காலியைச் சத்தம் வரும்படி இழுத்துப் போட்டான். அவர் அந்தச் சத்தத்தை வைத்து நேராகப் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் கண்ணுக்கு அது ஓட்டுநரின் மரியாதையாகப் பட்டிருக்கும்.

“இருபத்தாறு வருஷம் ரா,” என்றார் கொபானோ. “ஒரு கறை கிடையாது. எதுக்கு இப்படி?”

“சோம்பேறித்தனம்,” என்றார் மருத்துவர். “வெயில்ல இறங்கி பங்குல நிக்கணுமேன்னு. வண்டியிலயே உக்காந்துக்கிட்டு இவனை அனுப்பிட்டேன்.”

“பதினோரு மாசமுமா?”

“பழகிப்போச்சு.”

உறுப்பினர்களில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். “படிச்சவங்களுக்கே இந்த எகத்தாளம்னா, லாரி ஓட்டுறவனை என்னத்தைச் சொல்றது.”

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். கொபானோவுக்கு மனசு கேட்கவில்லை என்பது தெரிந்தது. தாள்களைப் புரட்டினார், மூடினார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“நீங்க நேர்ல போயிருக்கீங்க மா. வேற ஏதாவது காரணம் இருந்துதா? குழு யோசிக்கிற மாதிரி ஏதாவது?”

ஒனாலென்னா வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எதிரே இருக்கும் இரண்டு பேரும் காப்பாற்றப்படுவார்கள். சொல்ல முடியாதபடி அந்த இரண்டு பேருமே அவள் வாயைக் கட்டியிருந்தார்கள். மொலேஃபியின் கை மேஜை மேல் அசையாமல் இருந்தது. ஒடிரிலே அவளையே பார்த்தான்.

“சங்கத்துக்கு ஒரு லிட்டர்கூட நஷ்டம் இல்ல ரா,” என்றாள். “பில்லெல்லாம் சுத்தமா இருக்கு. இதைவிட ஒழுங்கான கார்டு நம்மகிட்ட இல்ல. எச்சரிக்கையோட விடலாம்னு நான் கேட்டுக்கறேன்.”

கொபானோ அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீங்களா கேக்கறீங்க?”

“ஆமா.”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே அறையில நான் கேட்டேன் மா. மனுஷங்கதானேன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இப்ப டாக்டர்ங்கறதால விட்டா, போன வருஷம் இதே விதியில வீட்டுக்கு அனுப்பின அந்தக் கிடங்குப் பொண்ணு வந்து நிக்கும். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? காரணம்னு ஒண்ணு குடுங்க. எழுதிக்கறேன்.”

“காரணம் இல்ல,” என்றார் மொலேஃபி. “அதான் சொல்லிட்டேனே.”

கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் அன்றோடு நீக்கம். தவறான நடத்தை என்பதால் சங்கம் தரும் பணிக்கொடை கிடையாது. தன் சம்பளத்தில் பிடித்த சேமநிதியை மட்டும் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். மருத்துவர் எழுந்து, எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொன்னார்.

படிக்கட்டில் ஒனாலென்னா அவர்களுக்குப் பின்னாலேயே இறங்கினாள். மருத்துவர் வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொள்ள, ஒடிரிலே வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க அவளிடம் வந்தான். சாவியோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்தான். கடைசி மாத பில்கள்.

“பதினோரு மாசம் மா,” என்றான். “அந்தக் கார்டுல ஒரு குளிர்பானம் வாங்கினது கிடையாது. தாகம் எடுத்தா என் காசு.”

“தெரியும் ஒடிரிலே.”

“உங்களுக்குத் தெரிஞ்சு எனக்கு என்ன மா? நாளைக்கு வேற எடத்துல போய் நிப்பேன். முன்ன எங்க இருந்தேம்பான். ஏன் விட்டேம்பான். உங்களுக்குத் தெரியுங்கறதை நான் அங்க எடுத்துக் காட்ட முடியுமா?” அவன் குரலை உயர்த்தவே இல்லை. “அந்தாளு என்னை வேண்டாம்னுதான் சொன்னாரு. நானாத்தான் வந்தேன். அதை நான் இல்லங்கல. ஆனா நீங்க இந்த விதிய எழுதறப்ப, ஒரு மனுஷனுக்குக் கண்ணு போகலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

“தோணல,” என்றாள்.

அவன் தலையாட்டினான். போய் மருத்துவரின் பக்கத்தில், அவருடைய கை தன் தோளில் படும் தூரத்தில் நின்றுகொண்டான்.

செய்தி வேகமாகப் பரவியது. டாக்டர் டீசல் திருடினாராம், ஓட்டுநரும் கூட்டாம் என்று மாதக் கடைசிக்குள் அது பெருத்துவிட்டது. நாட்டாச் சந்தையில் ஒருவன், “மாட்டு வாயில கையை விட்ட மாதிரியே சங்கத்துப் பையிலயும் விட்டிருக்கான்” என்று சொல்லிச் சிரித்ததாக ஒனாலென்னாவின் காதுக்கு வந்தது. அப்படிச் சொன்னவனின் மாடுகளும் அந்தக் கையெழுத்தில்தான் லாரி ஏறியிருக்கும்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. புது மருத்துவர் வந்தார். சின்ன வயது, கூர்மையான கண். அவர் பார்த்த மாடுகளிலும் நோய் இல்லை. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க, காலை வானொலியில் கோமாரி என்ற சொல் வந்தால் ஒனாலென்னா எழுந்துவிடுவாள். ஒலியைக் கூட்டி, எந்த ஊர் என்று கேட்கும்வரை உட்கார மாட்டாள். எங்காவது ஒரு மாடு தப்பியிருந்தால் அதில் தனக்கும் பங்கு உண்டு. அவளும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டவள்தான். அதற்கு எந்த விதியும் யாரும் எழுதியிருக்கவில்லை.

பிப்ரவரியில் ஏழாவது விதிக்கு ஒரு திருத்தம் எழுதினாள். உடல்நிலை காரணமாகக் கார்டைத் தானே பயன்படுத்த முடியாதவர் ஒரு படிவம் தந்தால், இன்னொருவருக்குத் தனிக் கார்டு, தனி எண் தரலாம். வேறொன்றும் இல்லை, ஒரு பக்கம். குழுவில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. “நல்ல யோசனை மா,” என்றார் கொபானோ, அடுத்த தாளைப் புரட்டியபடி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இன்றுவரை அந்தப் படிவத்தை யாரும் வாங்கவும் இல்லை.

மழை முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை க்வெட்டாவுக்குப் போனாள். மருத்துவரின் மனைவி மா லோராடோ அவளை வாசலிலேயே நிறுத்திவைக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, இடித்த மாட்டுக்கறியும் சோளக் களியும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு உண்மை தெரியும். தெரிந்தும் கோவிலில் தனக்குப் பின்னால் நடக்கும் பேச்சுக்கு வாய் திறக்க முடியாமல் இருப்பவர்.

மொலேஃபிக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். குரல் மட்டும் அப்படியே இருந்தது. ஒடிரிலே மவுன் ஊர்ப் பக்கம் யாரிடமோ உப்பு லாரி ஓட்டுகிறான், பாதிச் சம்பளம், மாதம் ஒருமுறை ஃபோன் பண்ணுவான் என்று சொன்னார். மழை நன்றாக இருந்தது என்றார். புது மருத்துவர் மாட்டை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்டார். கையுறை போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்கிறார் என்று அவள் சொன்னதும், “கையுறை போட்டா கொப்புளம் தெரியாது. அவர்கிட்ட சொல்லுங்க,” என்றார். பிறகு, “வேண்டாம், சொல்லாதீங்க,” என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் அத்தனை தூரம் வந்திருந்தாள். எதற்காக என்று தொடங்குவது எப்படி என்றுதான் தெரியவில்லை. விதியை எழுதியதற்கா, அதை மீறாததற்கா, வாயை மூடிக்கொண்டதற்கா? களியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“நல்லவேளை வந்தீங்க மா,” என்றார் அவர். “சேமநிதி மனு ஒண்ணு கிடக்கு. என் பொண்டாட்டி அதைத் தொட மாட்டேங்கறா. அதுல ஒரு எடத்துல வந்து நின்னுட்டா. நீங்க நிரப்பிக் குடுத்துருங்க. காகிதம்னா உங்களுக்குத்தான் பழக்கம்.”

மா லோராடோ அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வருஷம் எல்லாம் நிரம்பியிருந்தது. ‘பணி முடிந்த காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றிருந்தது. நான்கு கட்டங்கள்.

“படிங்க,” என்றார்.

“ஓய்வு வயது. ராஜினாமா.” அவள் நிறுத்தினாள். “உடல்நலக் குறைவு. தவறான நடத்தைக்காக நீக்கம்.”

“நாலாவதுல போடுங்க.”

“ரா, இது சேமநிதி. இந்தக் காகிதம் சங்கத்துக்குத் திரும்பிப் போகாது. மூணாவதுல போட்டா யாருக்கும்…”

“சங்கத்துக்கு ஃபோன் பண்ணிச் சரி பாப்பாங்க மா. உங்க மேஜைக்குத்தான் அந்த ஃபோன் வரும். அப்ப நீங்க என்ன சொல்லுவீங்க?”

அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றிருந்தது. ஒனாலென்னா பேனாவைத் திறந்தாள். கட்டம் மிகச் சிறியதாக இருந்தது. கோடு வெளியே போகாமல் கவனமாக நான்காவதில் குறி போட்டாள்.

“போட்டாச்சா?” என்று கேட்டார் மொலேஃபி.

“போட்டாச்சு ரா,” என்றாள்.